மதலேனாவின் வலக்கை

"ஆடாம இரு, பின்னல் கோணுது," என்றார் அமிர்தநாயகம்.

மதலேனா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போன வருஷம் தடுப்பூசியைத் தோளில் பிழையான இடத்தில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வலக்கை தலைக்கு மேல் எழும்பவில்லை. தலை பின்னுவது கணவன் வேலையாயிற்று. வலை பின்னிப் பழகிய விரல்கள். முதல் வாரம் கூந்தலிலும் முடிச்சுத்தான் விழுந்தது.

ஆனால் பின்னும்போது மனிதர் கதைப்பார். கடலில் கண்டது, கரையில் கேட்டது எல்லாம் வரும். இருபத்திரண்டு வருஷமாக "ஓம்", "சரி" தவிர வேறு பேசாதவர்.

கை சுகமாகி இரண்டு மாதம். அதைத்தான் மதலேனா அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள், அந்த ஊசிக்காகக் கேட்டிருந்த நட்டஈட்டின் விசாரணைக்குக் கடிதம் வந்தது. பயந்துபோய்ச் சட்டத்தரணி சிவராணிக்குப் போன் எடுத்தாள்.

"எனக்குக் காய்ச்சல், தங்கச்சி. வேற திகதி எடுங்கோ."

"காய்ச்சலும் வருதோ? அப்ப புது மெடிக்கல் ஒண்டு எடுங்கோ அக்கா, கேஸுக்கு நல்லது."

"டொக்டர் லீவில போயிட்டார்."

"பரவாயில்லை. இன்னும் கை ஏலாதெண்டு உங்கட மனுசன் ஒரு சத்தியக் கடதாசி தரட்டும்."

மதலேனா போனை வைத்தாள். தான் சொன்ன பொய் போதாதென்று, அந்த அப்பாவி மனிதரையும் பொய்ச்சத்தியம் பண்ண வைப்பதா? பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வாள்?

மறுநாள் காலை, அவர் பின்னிவிட்ட தலையோடு விடத்தல்தீவில் பஸ் ஏறி, மன்னாரில் நட்டஈட்டுக் கந்தோருக்கு நேரே போனாள். கோப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் றுஷ்தா என்ற இளம்பெண்.

"எனக்கு நட்டஈடு வேண்டாம், தங்கச்சி. கை சுகம். பாருங்கோ!" வலக்கையை முகடு வரைக்கும் உயர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"முதல்ல கையை இறக்குங்கோ அக்கா."

"என்ட மனுசன் ஒண்டும் அறியாதவர். அவரைப் பொய்ச்சத்தியம் பண்ண விடமாட்டன்."

றுஷ்தா கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏன் வேண்டாமெண்டுறீங்கள்? கை ஏலாம இருந்த எட்டு மாசத்துக்குத்தானே காசு. சுகமான திகதி மட்டும் இருந்தாப் போதும்."

"அதை நானே எழுதித் தாறன்."

"தேவையில்லை அக்கா. உங்கட மனுசன் ரெண்டு மாசத்துக்கு முந்தியே வந்து எழுதித் தந்திட்டுப் போனவர். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டவர்."