அசனத்துக்கு மைக் கொண்டுவர வேண்டாம்

நாசரேத்
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை டிக்சன் அவர்களுக்கு, மாமா கிருபாநிதி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம். உங்கள் அத்தைக்கு முழங்காலும் எனக்குத் தலையும் வலிப்பதைத் தவிர. நீங்களும் மகள் ஜெபசுதாவும் தூத்துக்குடியில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் டிவியில் வேலை பார்ப்பவர்களின் போனையெல்லாம் அரசாங்கம் ஒட்டுக் கேட்பதாகப் பக்கத்துக் கடை தளவாய் அண்ணாச்சி சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெரியாததால் தபாலில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா? கடல் அரிப்பைத் தடுக்க அலைக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினார்கள், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார், அடுத்த மாதமே கல்லெல்லாம் கடலுக்குள் இறங்கிவிட்டது. இது மீனுக்குக்கூடத் தெரியும். துறைமுகத்தில் அமைச்சர் பேட்டி கொடுக்கும்போது மற்ற டிவிக்காரர்கள் எல்லாம் அவருடைய பிறந்தநாள் எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் நடுவில் புகுந்து, "சார், நீங்க திறந்துவச்ச தூண்டில் வளைவு இப்ப எங்க சார்?" என்று கேட்டீர்கள். அவர், "நீ எந்த சேனல்?" என்று கேட்டு உங்கள் மைக்கை மேசையிலிருந்து தள்ளிவிட்டதை நானும் டிவியில் பார்த்தேன். அன்றைக்கு உங்கள் அத்தை சோறு வைக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களுக்கு எந்த அதிகாரியும் போன் எடுப்பதில்லை, பேட்டிக்கு அழைப்பில்லை, அரசாங்கக் கேபிளில் உங்கள் சேனல் மலையாளப் பாட்டுச் சேனலுக்கும் பின்னால் போய்விட்டது. உங்கள் முகத்தைப் பார்க்க நான் ரிமோட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

கேள்வி கேட்டது நீங்கள், அனுபவிக்கிறது நான். மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று நான் அலைவது உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தை அந்த முழங்காலோடு அடுத்த தெருவுக்குப் போய்க் குடம் தூக்குகிறாள். அமைச்சரின் உதவியாளர் விஜயராஜைப் பார்த்து மனுக் கொடுக்கலாம் என்று, நீங்கள் இங்கே விட்டுப் போன பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் வண்டியில் ஒட்டியிருந்த 'பிரஸ்' ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "பத்திரிகைக்காரவுகளுக்கு இன்னைக்கு அனுமதி இல்ல, திரும்புங்க" என்றார். "தம்பி, நான் சிமெண்டு விக்கிறவன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்றார். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைக் கரண்டியால் சுரண்டி, அதன்மேல் என் கடை விளம்பரத்தை ஒட்டிக்கொண்டு மறுநாள் போனேன். அதே போலீஸ்காரர். உள்ளே ஓடிப்போய், "சார், நேத்து வந்த ஆளு ஸ்டிக்கர மாத்திக்கிட்டு ரகசியமா நியூஸ் எடுக்க வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டார். என் சட்டைப் பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து கேமரா இருக்கிறதா என்று பார்த்தார்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா மாப்பிள்ளை? ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக விஜயராஜ் என்னை உட்காரவைத்துப் பேசினார். சனிக்கிழமை நம் கோயில் அசனத்துக்கு, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, அமைச்சர் வருவாராம். மேடையிலேயே குழாயை அறிவிப்பாராம். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி, அந்த சேனலும் வரக்கூடாது, ஒங்க மருமவனும் வரக்கூடாது" என்றார். நான் அசனக் கமிட்டித் தலைவர். என்ன செய்வேன்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகையால் மாப்பிள்ளை, இந்த வருஷம் ஒரே வருஷம் நீங்கள் அசனத்துக்கு வர வேண்டாம். கேமரா, மைக் எதுவும் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஜெபசுதாவை மட்டும் அனுப்புங்கள். சோறும் கறியும் தூக்குவாளியில் கொடுத்துவிடுகிறேன். இனிமேலாவது பேட்டியில் "சாப்பிட்டீர்களா சார்" என்பது போன்ற கேள்விகளாகப் பார்த்துக் கேளுங்கள். உலகத்தில் எத்தனையோ நல்ல கேள்விகள் இருக்கின்றன.

உங்கள் நாவுக்கும் மைக்குக்கும் கர்த்தர் காவல் வைப்பாராக.

அன்புள்ள மாமா,
கிருபாநிதி

பி.கு.: செவ்வாய்க்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது விஜயராஜ் வீட்டுக்கே வந்தார். அமைச்சர் பந்தியில் உட்கார மாட்டாராம். பள்ளிக்கூட அறையில் மேசை நாற்காலி போட்டு, அவருக்குத் தனிச் சமையல் வைக்க வேண்டுமாம். நம் அசனத்தில் பிஷப் ஐயாவே தரையில்தான் உட்காருவார். பக்கத்தில் யார் இலை என்று பார்த்ததில்லை. பந்தியில் வந்து உட்கார்ந்தவரை இதுவரை யாரும் எழுப்பியதும் இல்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை ஞானபாய் இடுப்பில் குடத்தோடு படியேறி வந்தாள். நீங்கள் வரக் கூடாது என்பதை விஜயராஜ் மறுபடி சொன்னபோதுதான் அவளுக்கு விஷயமே தெரியும். குடத்தை இறக்காமலே விஜயராஜிடம், "தண்ணிக்காவ எம் மருமவன வாசல்ல நிறுத்தவா? நான் நடந்தே எடுத்துக்கிடுதேன். ஒங்க அமைச்சரு வந்தா வரிசையில உக்காரச் சொல்லுங்க, எல எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதப் பொறுமை இல்லை. தூத்துக்குடி பஸ் கண்டக்டரிடம் இதையே கொடுத்துவிடுகிறேன். போனிலும் சொல்லுவேன், ஒட்டுக் கேட்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். மைக்கோடு வாருங்கள், உங்கள் சேனல் பெயர் பெரிதாகப் போட்ட மைக்காகப் பார்த்து எடுத்து வாருங்கள். அமைச்சர் வந்தால் பந்தியில் அவருக்கு அடுத்த இலை உங்களுக்கு. தூண்டில் வளைவைப் பற்றி நீங்கள் கேளுங்கள், குழாயைப் பற்றி நான் கேட்கிறேன். யாராவது எந்த சேனல் என்று கேட்டால், ஞானபாய் மருமகன் என்று சொல்லுங்கள்.