மெய்ப்புக்காரர் பார்த்த பழைய ஊர்

அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தி மெய்ப்புப் பார்த்தவருக்கு, பெண்டாட்டியிடம் ஒரு மெய்யைச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய் முப்பத்திநாலு நாளாகிறது. தினமும் டிபன் டப்பாவோடு கிளம்புவார். ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து அறிவிப்புப் பலகையின் எழுத்துப் பிழைகளை எண்ணிவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்புவார். பெஞ்சுக்கே அவர்மேல் பரிதாபம் வந்திருக்கும்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். நாலு பேர் நடுவில் வைத்துச் சொல்லிவிடுவது. நாலு பேர் முன்னால் அவள் கத்தமாட்டாள், அழவும் மாட்டாள்.

"லீவு போடறேன். பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். நானூறு வருஷத்து ஊராம், பார்த்துட்டு வரலாமா?"

"செவ்வாய்க்கிழமையே போலாமே" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அன்றைக்கென்று விடாத மழை. அந்த ஊர்க் கோட்டையில் நாலு பேர் என்ன, ஒரு நாய்கூட இல்லை. ஆனாலும் மதில்மேல் ஏறியதும் ஆரம்பித்தார்.

"இங்க பாரு, ஒரு விஷயம்..."

"மொதல்ல குடைய நேராப் பிடிங்க. என் தோளெல்லாம் நனையுது."

மணிக்கூண்டின் அடியில் மறுபடி வாயெடுத்தார்.

"அச்சகத்துல இப்பல்லாம்..."

"லீவு நாள்லயும் அச்சகமா? மணி என்ன?"

"மூணாகப் போகுது."

"ஐயையோ! பழைய ஜெயிலுக்கு வாங்க, சீக்கிரம்!"

சிறை வாசல் பலகையில் 'இங்கே ஐம்பது கைதிகள் அடிக்கப்பட்டனர்' என்றிருந்தது. அவருக்குக் கை துறுதுறுத்தது.

"'அடைக்கப்பட்டனர்'னு இருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள உட்காருங்க, இதோ வந்துடறேன்."

ஈரம் கசியும் அறை. எந்தக் கைதியோ நாளுக்கொன்றாகச் சுவரில் கோடு கிழித்திருந்தான். எண்ணத் தொடங்கியவர் முப்பத்திநாலில் நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் எண்ணத் தெம்பில்லை. அரை மணி கழித்து அவள் வந்ததும், நிமிராமலே சொன்னார்:

"எனக்கு வேலை போயிடுச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"ஒரு மாசமா உங்க சட்டைக் கையில சிவப்பு மை இல்ல. துவைக்கறவளுக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்வீங்கன்னு தினமும் பார்த்தேன்..." குடையை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

சிறைக் காவலாளி எட்டிப் பார்த்தார். "அம்மா, அதிகாரி சரின்னுட்டார். திங்கக்கிழமையே வந்துடுங்க."

"எங்க வரணும்?" என்றார் இவர்.

"இங்கதான்" என்றாள் அவள். "வர்றவங்களுக்கு இந்த ஜெயிலச் சுத்திக் காட்ட ஆள் கேட்டிருந்தாங்க. எழுதிப் போட்டேன். இன்னிக்கு மூணு மணிக்கு வரச் சொன்னாங்க."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொன்று மெல்ல ஏறி உட்கார்ந்தது.

"அப்ப... எனக்கு?"

"வீட்டுல ஒரு இடம் காலி. சமையல், துணி, பாத்திரம். முன் அனுபவம் தேவையில்ல."