ஓஸ் பைப்புக்குள் போன மலேரியா மருந்து

சுத்தம் பற்றிப் பிறருக்குச் சுற்றறிக்கை எழுதியே ஓய்வுபெற்றவன் நான். மருந்துத் தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (இதுவரை யாரும் எழுப்பவில்லை.) அப்படிப்பட்ட நான்தான் எண்பதுகளில் ஓர் எஸ்டேட்டின் குடிதண்ணீரையே கசக்க வைத்தேன்.

அப்போது சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். மலேரியா மருந்தைக் கசப்பு தாங்காமல் குழந்தைகள் துப்பிவிடுவார்கள். அதைத் தண்ணீரில் கரையும் ஒரு பிசினோடு சேர்த்துச் சூட்டில் உருக்கி, பெரிய திருகாணியால் நெருக்கிக் கம்பியாகப் பிதுக்கினால் கசப்பு உள்ளேயே அடங்கிவிடும். வயிற்றில் பிசின் கரைந்த பிறகே மருந்து வெளிவரும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. உருக்கிப் பிதுக்கும் இயந்திரம்தான் எங்களிடம் இல்லை.

போடியில் என் அக்காவின் கணவரிடம் இருந்தது. ஏலத்தோட்டங்களுக்குப் பிளாஸ்டிக்கை உருக்கிக் கறுப்பு ஓஸ் பைப் பிதுக்கும் சின்னக் கொட்டகை. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட், தொழிலாளர் குடியிருப்புக்கு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவர மச்சானிடம் பைப் கேட்டிருந்தது. முதல் பெரிய ஆர்டர். பிடித்துப்போனால் மற்ற எஸ்டேட்டுகளும் வரும். இல்லையென்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அந்த வாரம் பார்த்து நான் போய் இறங்கினேன்.

என் மருந்தில் பிளாஸ்டிக் துணுக்கு ஒட்டக்கூடாதே என்று பாதி நாள் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தேன். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, வாயில் துணி. ஆப்பரேசனா பண்ணப் போறீக என்று மச்சான் கேட்டார். சாயங்காலம் கண்ணாடிக் கம்பி போல மருந்து வந்தது. நாக்கில் வைத்தேன், கசக்கவில்லை. மச்சானுக்கும் கசக்கவில்லை. மதுரை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

"இனி என் சோலியப் பாக்கலாமா மாப்ளே?"

"தாராளமா மச்சான்."

திருகாணி இடுக்கில் மிச்சம் ஒட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிளாஸ்டிக்கிடமிருந்து மருந்தைக் காப்பாற்றத்தான் நான் படித்திருந்தேன். மருந்திடமிருந்து ஓஸ் பைப்பைக் காப்பாற்ற எந்த விதியும் சொல்லித் தரவில்லை.

பைப் மலையேறியது. தண்ணீர் ஓடியது. பைப்பின் உட்சுவரில் ஏறியிருந்த பிசின், நான் திட்டமிட்டபடியே கரைந்து மருந்தை விட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு வெற்றியான சோதனை வேறில்லை.

குடியிருப்பில் டீ கசந்தது. ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து தண்ணீரில் கலந்துவிட்டதென்று பேச்சுக் கிளம்பி, தாய்மார்கள் பிள்ளைகளின் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தார்களாம். தகவல் தெரிந்து ஓடிப்போனேன். கொட்டகை வாசலில் எஸ்டேட் கங்காணி பைப்புகளை ஜீப்பிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பூச்சிமருந்து இல்லை, மலேரியா மருந்துதான், அதுவும் துளியூண்டு என்று அவருக்கு விளக்கினேன்.

"மருந்துதான்னு சொல்றீக. காச்சல் யாருக்குண்ணே?"

மச்சான் என்னைப் பார்க்காமல் பைப்பைச் சுருட்டினார்.

பிறகு எந்த எஸ்டேட்டும் அவரிடம் வாங்கவில்லை. சில மாதங்களில் இயந்திரம் எடைக்குப் போனது. மச்சான் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டினார். என் கம்பிகளை, ஓஸ் கொட்டகையில் செய்தவை என்று தெரிந்ததும் மேலதிகாரி குப்பையில் போட்டார். (விதிப்படி சரிதான்.)

இன்றும் வீட்டு விசேஷங்களில் பந்தி தொடங்கும் முன் முதல் டம்ளர் தண்ணீர் என்னிடம்தான் வரும். நான் குடித்துத் தலையாட்டிய பிறகே மற்றவர்கள் குடிப்பார்கள். கதையைச் சொல்வது மச்சான்தான். என் தொப்பியையும் வாய்த்துணியையும் நடித்துக் காட்டுவார். டீ கசந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், அங்கேயே நிறுத்திவிடுவார். கொட்டகை என்ன ஆச்சு என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "எனக்கு ஜீப்பு ஓட்டணும்னு ஆச வந்துருச்சுப்பா" என்பார்.