வெறும் வயிற்றில் முப்பத்தாறு மணி நேரம்

மாரண்டஹள்ளி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மதியழகன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கண்ணம்மாளின் கணவனாகிய சவுரியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. கடத்தூரில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை செய்வாராக. இங்கு எங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவது முறை. அந்த ஒரு வரி எழுத முடியாததால்தான் இத்தனை பக்கம். போனில் பேசலாம் என்றால் ஆறு வருஷமாக என் நம்பரைக் கண்டால் தாங்கள் எடுப்பதில்லை, அது நியாயம்தான். ஆகவே தபாலில் வருகிறேன். இனி என்னை நேரில் பார்க்கும் வாய்ப்பு தங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்போது நான் கண் திறந்து தங்களைப் பார்க்க மாட்டேன்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பாலக்கோட்டில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து முழு உடம்புக்கும் டெஸ்ட் எடுக்கிறார்கள், பெயர் கொடுக்கலாம் என்று கோயிலில் அறிவித்தார்கள். எனக்கு அறுபத்திரண்டு வயது, ஒரு நாள் தலைவலி என்று படுத்தவன் இல்லை, எனக்கு எதுக்குடா டெஸ்ட்டு என்று பேசாமல் வந்திருக்கலாம். வரிசையில் எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னுட்டேன். அங்க முருகேஷ்னு ஒரு தம்பி பேரு எழுதிக்கிட்டு, புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு வெறும் வயித்துல வாங்க, பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் சாப்புடக் கூடாதுன்னு சொன்னான். பன்னெண்டு மணி நேரம் எல்லாம் நமக்கு ஒரு நோன்பாங்க? எங்கப்பா காலத்துல பூசையில நற்கருணை நன்மை வாங்கறதுன்னா முந்தின ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது, எச்சிலு முழுங்குனாக்கூட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். அந்த வளர்ப்புல வளந்தவன் நான். டெஸ்ட்டுன்னு ஒண்ணு வந்துட்டா அதுல மட்டமா நிக்கறதான்னு ஒரு வீம்பு. திங்கக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, நாளைல இருந்து நோன்புன்னு, கறியும் குடலும் எடுத்தாரச் சொல்லி வயிறு முட்டச் சாப்புட்டேன். அதோட வாயக் கட்டுனவன்தான். செவ்வாக்கிழமை பூராவும் ஒரு பருக்கை இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அன்னிக்குன்னு பாத்து தக்காளி லோடு. ஆளு வரல. நூத்திப்பத்துப் பெட்டிய நானே ஒத்தையில டெம்போவுல ஏத்துனேன். வெயிலு மண்டையப் பொளந்துச்சு. புதன்கிழமை விடியறதுக்குள்ள எந்திரிச்சு, வேண்டுதலுக்குப் போற மாதிரி பாலக்கோட்டுக்கு நடந்தே போயிட்டேன். உங்க தங்கச்சி என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? அந்தத் தம்பி சொன்ன கணக்குக்கு ஒரு நிமிஷமும் கூடுதலா இல்லாம ராத்திரி எட்டு மணிக்குக் களி தின்னுட்டு, காலைல ரெண்டு சொம்புத் தண்ணியும் குடிச்சிட்டு, சொகுசா பஸ்ஸுல வந்து எறங்குறா. எனக்கு மனசு கேக்கல. டெஸ்ட்டு மேல ஒரு மரியாத வேணாமா?

ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. மறுநாளு ரெண்டு பேருதையும் ஒரே கவருல போட்டுக் குடுத்து, கட்டாயம் டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு முருகேஷ் சொன்னான். சரின்னு வாங்கிட்டு வந்துட்டேன். மேல இருந்தது என்னுது. பிரிச்சுப் பாத்தேன் மச்சான், அங்கயே எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. ஒரு பக்கம் நம்ம அளவு, அடுத்த பக்கம் இருக்க வேண்டிய அளவு. ஒண்ணாச்சும் கோட்டுக்குள்ள இருக்கணுமே. யூரியா நாப்பதுக்குள்ள இருக்கணுமாம், எனக்கு அம்பத்தெட்டு. நான் வயலுக்குப் போட்ட யூரியாதான் இத்தன வருஷங் கழிச்சு எனக்குள்ள எறங்கிடுச்சோன்னு நெனச்சேன். கிரியாட்டினின்னு ஒண்ணு, ஒண்ணு புள்ளி மூணு தாண்டக் கூடாதாம், எனக்கு ஒண்ணரை. அது கிட்னி. எஸ்ஜிஓடி நாப்பது இருக்கற எடத்துல தொண்ணூத்தாறு. அது கல்லீரலு. பிலிருபின் ஏறிப்போச்சு, யூரிக் ஆசிட் ஏறிப்போச்சு. ஏறுனதுக்குப் பக்கத்துல எல்லாம் தடிமனா கறுப்பு மையில ஒரு எழுத்துப் போட்டிருந்தான். பத்தாங்கிளாசுல கணக்குல பெயிலாகி மார்க்கு சீட்டு வாங்குனப்பக்கூட இத்தன கறுப்பு மைய நான் பாத்ததில்ல. சர்க்கரையும் கொழுப்பும் மட்டும் சரியா இருந்துச்சு, அதுங்கள வெச்சி என்ன பண்றது?

டாக்டர்கிட்டப் போகலையான்னு கேப்பீங்க. போகல. போனா படுக்கப் போட்டுருவாங்க, படுத்தா எந்திரிக்க மாட்டோம். செல்போன்ல ஒருத்தரு வந்து, இந்த இந்த அளவு இருந்தா கிட்னி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. இன்னொருத்தரு கல்லீரலுக்குப் பேசுறாரு. மொதல்ல கிட்னி போகுமா கல்லீரலு போகுமான்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பக்கத்து வூட்டுக் கோவிந்தம்மாள் விஷயத்தக் கேட்டுட்டு வாழத்தண்டுச் சாறு குடிங்கன்னாங்க, கீழாநெல்லி அரைச்சுக் குடிங்கன்னாங்க, களியத் தொடவே தொடாதீங்கன்னாங்க. மூணு வாரமா எல்லாத்தையும் குடிக்கறேன். வாயில வெக்க முடியல. களி இல்லாம கையி காலெல்லாம் ஓஞ்சுபோச்சு.

மனுசன் ஏற்பாடு பண்ணிட்டுப் போகணும் இல்லீங்களா? கல்லறத் தோட்டத்துக்குப் போயி எங்கப்பாவுக்குப் பக்கத்துல அளந்து பாத்துட்டு வந்தேன், காலு கொஞ்சம் வேலியில இடிக்கும், பரவால்ல. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு என்கிட்ட ஒழுங்கான போட்டோ இல்ல, ஆதார் கார்டுல இருக்கற மூஞ்சிய வெச்சா அழற ஜனம்கூட ஓடிடும். அதனால ஸ்டூடியோ தமிழ்மணிகிட்டப் போயி வெள்ளச் சட்டையில ஒண்ணு எடுத்தேன். அவன் வெவரம் தெரியாம, பாஸ்போர்ட்டுக்காண்ணான்னு கேட்டான். ஆமாம்பா, தூரமாத்தான் போறேன்னு சொன்னேன். கொஞ்சம் சிரிங்கன்னான். நான் அழுதுட்டேன். அதையே எடுத்துட்டான். யார் யாருக்குச் செய்தி சொல்லணும்னு ஒரு பட்டியலும் எழுதி பைபிளுக்குள்ள வெச்சிருக்கேன். கவருல இருந்த தாளு நல்ல வழவழப்பா, பின்பக்கம் ஒண்ணும் அச்சடிக்காம இருந்துச்சு, அதுலயே எழுதிட்டேன்.

இதுல என்னைய உசுரோட கொல்றது உங்க தங்கச்சிதாங்க. கட்டுன புருஷன் சாகக் கெடக்கறானேன்னு ஒரு பதட்டம் வேணாமா? சொம்பு சொம்பா தண்ணி குடிக்கறா. நான் ஒரு வாய் கீழாநெல்லி முழுங்க முடியாம தவிக்கறேன், இவ பானைய காலி பண்றா. அப்பறம் அதுக்குன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கொல்லப்பக்கம் போறா. செபமாலை சொல்ல உக்காந்தா மூணாவது மணியிலயே தூங்கி வுழறா. எனக்காகச் சொல்ற செபமாலைங்க அது! போட்டிருக்கற ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆகிப்போச்சு, தெச்சுக்கடின்னா கேக்கறதில்ல, நாலு பேரு சாவுக்கு வர்ற எடத்துல இப்படியா நிக்கறதுன்னு சத்தம் போட்டேன். காலுல தக்காளிக் குச்சி குத்தி ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் துணி சுத்திக்கிட்டு நொண்டறா. ஒரு புண்ண ஆத்திக்கத் துப்பில்ல. இவள நம்பி நான் எப்படிங்க போறது?

கடைசியா ஒண்ணு. இத நான் சாமியார்கிட்டகூடச் சொல்லல. நம்ம ஜாஸ்மின் கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு வுட்டுப்போனது அச்சாபீஸ்காரன் தப்புன்னு அன்னிக்கு உங்ககிட்ட பைபிள் மேல கைய வெச்சி சொன்னேன். அவன் தப்பு இல்ல மச்சான். அவன் அச்சுக்கோத்துக் காட்டுனப்ப உங்க பேரு இருந்துச்சு. நிச்சயத்தன்னிக்கி மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி, சவுரியப்பனுக்குத் தக்காளி தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்க. அந்தக் கோவத்துல சிவப்புப் பேனாவுல நான்தான் அடிச்சேன். தாய்மாமன் இல்லாம என் பொண்ணு மேடையில நின்னுச்சு. உங்க தங்கச்சி அன்னிக்கு அழுததுல பாதிக்கு நான் காரணம். மன்னிக்க முடிஞ்சா மன்னிச்சு, அடக்கத்துக்கு வாங்க. கோடித்துணி மட்டும் நீங்களே எடுத்துட்டு வந்துருங்க, நாலு பேரு பேசாம இருப்பாங்க.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் அந்தோணியார் பாதுகாவலும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். எனக்குக் கிடைக்காத மிச்சத்தையும் உங்க கணக்குல சேத்துக்கச் சொல்லி மேல போய்ச் சொல்றேன்.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளுக்குத் தங்கள் மச்சான்,
சவுரியப்பன்.

பின்குறிப்பு: மேலே இருக்கறத எழுதி பன்னெண்டு நாள் ஆச்சுங்க. தபாலாபீஸு கவர் வாங்கறதுக்குள்ள ஓசூர்ல இருந்து ஜாஸ்மின் வந்துட்டா. ஃபிளெக்ஸ் போட்டோவப் பாத்துட்டு, என்னைய வண்டியில ஏத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துட்டுப் போனா. அங்க டாக்டரம்மா கலைச்செல்வி என் தாளப் பாத்துட்டு, டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன பண்ணீங்கன்னுதான் மொதல்ல கேட்டாங்க. கறி, நோன்பு, நூத்திப்பத்துப் பெட்டி, நட எல்லாத்தையும் பெருமையாவே சொன்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வெச்சிட்டாங்க. சோறுதாங்க சாப்புடக் கூடாது, தண்ணி குடிக்கலாம்னாங்க. ஒண்ணர நாளு தண்ணியில்லாம வெயில்ல கெடந்தா யூரியாவும் கிரியாட்டினினும் ஏறத்தான் செய்யுமாம். அத்தன பாரம் தூக்குனா சதையில இருந்தே எஸ்ஜிஓடி ரத்தத்துல எறங்குமாம். பட்டினி கெடந்தா சில பேருக்கு பிலிருபினும் ஏறுமாம். ஒரு வாரம் பாரம் தூக்காம, தண்ணி குடிச்சிட்டு, ராத்திரி மட்டும் பட்டினியா வந்து திரும்ப ரத்தம் குடுங்கன்னாங்க. குடுத்தேன். போன சனிக்கிழம வந்துச்சு. எல்லாம் கோட்டுக்குள்ள. எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆகையால் மேலே கண்டதெல்லாம் ரத்து என்று எழுதலாம்னுதான் உக்காந்தேன். பத்திரிகை விஷயத்தக்கூட அச்சாபீஸ்காரன் தலையிலயே திரும்பக் கட்டிரலாம்னு புத்தி போச்சு. அதுக்கு முன்னாடி அந்தச் சாவுப் பட்டியலக் கிழிச்சிப் போடலாம்னு பைபிள்ல இருந்து எடுத்தேன். ஜாஸ்மின் கையப் புடிச்சிட்டா. அப்பா, இது என்ன தாளுன்னு திருப்பிப் பாத்தா. திருப்பிப் பாத்தவ அத என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா.

அது உங்க தங்கச்சி ரிப்போர்ட்டு, மச்சான். கவருல என்னுதுக்குக் கீழ இருந்தது. நான் பின்பக்கம் எழுதுனேனே ஒழிய முன்பக்கம் பாக்கவே இல்ல. வெறும் வயித்துச் சர்க்கரை நூறுக்குள்ள இருக்கணும், இருநூத்தி எண்பத்தாறு. மூணு மாசச் சர்க்கரை ஆறரைக்கு மேல போனாலே வியாதியாம், பதினொண்ணு புள்ளி நாலு. அவ சொன்னபடி களி தின்னு, சொன்னபடி தண்ணி குடிச்சி, ஒழுங்காக் குடுத்த ரத்தம் அது. அந்தத் தண்ணித் தாகம், தூக்கம், தொளதொள ரவிக்கை, ஆறாத புண்ணு, எல்லாம் அதுதானாம். நானே என் கையால மேல எழுதி வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க. எனக்கு அடிச்சிக்கிட்டு அழணும்போல இருக்கு.

உங்க தங்கச்சியக் கூப்புட்டு, ஏண்டி, உன்னுது என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியாடின்னேன். அதுக்கு அவ சொன்னா, "ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாருங்க கஞ்சி வெக்கறது?"

மாத்திரை ஆரம்பிச்சாச்சு. சர்க்கரைய எறக்கிடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. புண்ணுதான் பயமுறுத்துது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில பத்து நாளு தங்கிச் சுத்தம் பண்ணணும், தள்ளிப்போட்டா கால் வெரலுக்கு ஆபத்துங்கறாங்க. அவ வரமாட்டேங்கறா. உங்கள யாரு பாப்பாங்கன்னு என்னைய காட்டறா. நான் சொல்லிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன், ஜாஸ்மினும் அழுது பாத்துட்டா. அவ ஒருத்தரு பேச்சத்தான் தட்டமாட்டா, அது நீங்க. அதனால ஒரு வரிகூட அடிக்காம இந்தக் கடிதத்த அப்படியே அனுப்பறேன். சிவப்புப் பேனாவுல அடிச்சவன் நான்தான். வந்து என்னைய என்ன வேணா பேசுங்க.

என் சாவுக்குன்னு எழுதுன பட்டியல்ல மொதப் பேரே உங்களுதுதான். கோடித்துணி வேணாம். வியாழக்கிழமைக்குள்ள வந்து அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வரும்போது சாப்புட்டுட்டு வாங்க மச்சான், இப்ப இங்க களி கிண்டறது நான்.