டெலிபோனை இன்டர்நெட் விழுங்கியது பற்றி மாப்பிள்ளைக்கு

திருவரங்குளம்
17.8.2001

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அய்யப்பன் அவர்களுக்கு மாமா சேவுகன் எழுதுவது. இங்கு டெலிபோனைத் தவிர அனைவரும் சுகம். துபாயில் தாங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமுதவல்லிக்குத் தங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. நாலு நாளாக லைன் எங்கேஜ்டு, அவளுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடட்டும் என்று பக்கத்து வீட்டு ஞானமணி டீச்சருக்குப் போன் செய்து சொன்னீர்களாமே, அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் எட்டு மாதம். தங்கள் கேம்ப்புக்கு இங்கிருந்து பேச வழியும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தினமும் ஈமெயில் போட்டுக்கொள்ளலாம் என்று தாங்கள் ஆசைப்பட்டதால், திங்கட்கிழமை காலை புதுக்கோட்டையிலிருந்து பெலிக்ஸ் என்பவர் வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து, நம் டெலிபோன் வயரை அதில் சொருகினார், அது நம்பர் போட்டதும் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று நான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்து "அலோ, யாருங்க" என்றேன், கட்டாகிவிட்டது, மறுபடி போட்டார், மறுபடி கத்தியது, மறுபடி எடுத்தேன். "அய்யா, நெட்டு போறப்ப போனைத் தொடாதீங்க" என்றார். "கத்துற போனை எடுக்காம எப்படிய்யா நிக்கிறது, மாப்பிள்ளையா இருந்தா?" என்றேன். மூன்றாம் தடவை தங்கள் அத்தை சொர்ணம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நெட் கிடைத்துவிட்டது. அமுதா தங்களுக்கு நாலு வரி அடித்தாள், நாங்கள் படித்துவிடக் கூடாதென்று கையால் மறைத்துக்கொண்டே அடித்தாள். அனுப்புவதற்குள் கட்டாகிவிட்டது. சத்தியமாக அது நான் இல்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து நெட்டும் இல்லை, போனும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் கேட்டால் "லைன் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குள்ள பாருங்க" என்கிறார்கள். வீட்டுக்குள்ள என்னத்தைப் பாக்குறது, அந்தப் பெட்டிதான் எல்லாத்தையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கு. நேற்று பெலிக்ஸை வரவழைத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவரும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அப்பவும் போன் ஊமைதான். பிள்ளை அதுக்கு எதிர்லயே உக்காந்திருக்கு மாப்பிள்ளை, என்னால பாக்க முடியல. தாங்கள் அவள்மேல் வருத்தம் வைக்க வேண்டாம்.

கோகர்ணேசுவரரும் பெரியநாயகியும் தங்களைக் குறையில்லாமல் வைக்கட்டும். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சேவுகன்

பின்குறிப்பு: தபால்தலை எடுக்க உள்ரூமுக்குப் போனேன். அங்கே அதே லைனில் இன்னொரு போன் இருக்கிறதல்லவா. திங்கட்கிழமை மதியம் அமுதா கொஞ்சம் கண் அசந்தாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாத பிள்ளை, மணியடித்து எழுப்பிவிடக் கூடாதே என்று நான்தான் அந்த ரிசீவரை எடுத்து, மடித்த போர்வைக்குள் சொருகினேன். அப்படியே மறந்துபோனேன். இப்போதுதான் எடுத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் மணியடித்தது, தாங்கள்தான். ரிசீவரை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டேன். அழுதாள், இப்போது சிரிக்கிறாள். பெலிக்ஸிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். இனிமேல் எப்ப வேணாலும் கூப்பிடுங்க மாப்பிள்ளை, மதியம் ரெண்டு மணிக்கு மட்டும் வேண்டாம். அவ தூங்குவா.