டெமோ அண்ணாச்சி பெட்டியை விற்ற கதை

விற்கப் போகிறேன், விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு பொருளை ஆயுசு முழுக்க விற்காமல் வைத்திருப்பதில் டெமோ அண்ணாச்சியை மிஞ்ச இந்த பம்பாயிலேயே ஆள் கிடையாது. தாராவியில் கிழிந்த செருப்பும் நசுங்கின டப்பாவும் பொம்மையின் உடைந்த தலையும் காலையில் வந்தால் சாயங்காலம் விலைபோய்விடும். அண்ணாச்சி வாசிக்கிற கீபோர்டுப் பெட்டி மட்டும் போகாது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் வீட்டுக்காரி பொன்னுத்தாய்க்கும்தான் தெரியும். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஊருக்கே அண்ணாச்சி என்றால் எனக்கும் அண்ணாச்சிதான். தோல் பை தைக்கிற கார்கானாப் பட்டறையில் வேலை. யாரோ கைமாற்றிய ஜப்பான் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதற்கு எருமைத் தோலில் உறை தைத்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டினார். எங்கள் கல்லியில், அதாவது எங்கள் சந்தில், கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு துணி அமைந்ததில்லை.

டெமோ என்ற பட்டம் செம்பூரில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் நாதஸ்வரத்துக்குப் பதில் இவரை உட்கார வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பத்து விரலும் பறந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. இரண்டு கையையும் தூக்கி அதை அடித்தார். கொசு செத்தது. பாட்டு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஓடியது.

அந்தப் பெட்டியில் டெமோ என்று ஒரு பொத்தான் உண்டாம். கடைக்காரன் ஆளுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அதை அமுக்கிவிட்டால் பெட்டி தன்பாட்டுக்கு வாசிக்கும். தாலி கட்டி முடியும்வரை அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, கையே வைக்காம வாசிக்கியளே!" என்று பந்தியில் ஒருத்தன் கேட்டதற்கு, "நான் வாசிச்சதப் பாத்துப் பாத்து அது படிச்சிக்கிட்டுவே" என்றார், முகம் மாறாமல்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைப்படவும் ஒரு தகுதி வேண்டும், எனக்கு அது இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தாராவியில் நடத்துகிற அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் குலவை என்னுடையது. நான் நாக்கைச் சுழற்றினால்தான் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்கள். நான் குலவை போட்ட பிறகுதான் சாமியாடிக்கு உடம்பு உதறும். தொண்ணூறடி ரோட்டில் நான் ஆரம்பித்தால் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் சாதம் வடிக்கிற மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாளாம். அப்படிப்பட்ட இசக்கியம்மாளைச் சுற்றி நின்ற கூட்டம், இவர் பெட்டி வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வாசிப்பா அது? பொத்தான் அமுக்குவது. நான் நூல் வெட்டுகிற துணி கார்கானாவில் மெஷின்கூட அமுக்கினால் ஓடும்.

ஒரு கொடையின்போது அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அக்கா, மைக்கு சரியா இருக்கான்னு பாக்கணும். ஒரு குலவ போடுங்க."

பம்பாயில் எத்தனையோ பேர் இருக்க, மைக்கைச் சோதிக்க என் தொண்டைதான் வேண்டியிருந்தது பார்த்தீர்களா என்று எனக்குப் பெருமை. மைக் கம்பத்தில் இல்லை, பெட்டியோரத்தில் கடுகு போல ஒரு ஓட்டை. அதற்கு முன்னால் குனிந்து போட்டேன். முடிக்கும்போது இருமல் வந்துவிட்டது. "போதும்க்கா, பிடிச்சிட்டு" என்றார். மைக் நன்றாகப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த இருமல் நிற்கவில்லை. பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். பேச்சு திரும்பி வந்தது. அது வராமலிருந்தால் எங்கள் கல்லியில் சிலர் லட்டு கொடுத்திருப்பார்கள். குலவை மட்டும் வரவில்லை. நாக்கு சுழலும், சத்தம் கிளம்பாது. காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம். தொண்டையைக் கஷ்டப்படுத்தினால் பேச்சும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த கொடைக்கு நான் வாயை இறுக மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் குலவையை எவள் எடுக்கிறாள் பார்ப்போம் என்று. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சாமியைப் பார்த்தேன். சாமியாடி கண்ணைத் திறந்து திறந்து பார்த்தான். பொங்கல் பானை பொங்கி வழிகிறது, ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை. எனக்கு உள்ளுக்குள் திருப்திதான்.

அப்போது பெட்டியிலிருந்து கிளம்பியது ஒரு குலவை!

பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சாமியாடி எகிறிக் குதித்தான். என் குலவைக்குக்கூட அவன் அந்த உயரம் குதித்ததில்லை. சாமிக்கும் ஆளைத் தெரியவில்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

கொடை முடிந்ததும் நேரே போய் நின்றேன். "யாரு அண்ணாச்சி அவ?"

"யாருக்கா?"

"பெட்டிக்குள்ள குலவ போட்டவ. எந்த ஊர்க்காரி?"

அண்ணாச்சி பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நம்ம பக்கத்து ஆளுதாங்க்கா."

"நாக்கு தடிச்ச பொம்பள. சுழலவே மாட்டேங்கு. மூச்சும் பத்தல. முடிக்கத் தெரியாம இருமுதா வேற, சவம்!"

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுக்கும் இருமல் என்று நினைத்தேன்.

அதிலிருந்து எந்த விசேஷம் என்றாலும் அந்தப் பெட்டிக்காரிதான். ஒரு வளைகாப்பில் அண்ணாச்சி தவறிப்போய் இடது கோடிக் கட்டையை அமுக்கிவிட்டார். கீழ்க் கட்டையில் குரல் இறங்கிவிடும் போலிருக்கிறது. எருமைமாடு குலவை போட்டதுபோல் ஒரு சத்தம். பிள்ளைத்தாய்ச்சி பயந்து எழுந்துவிட்டாள். "அவ லெட்சணம் அவ்வளவுதான்" என்று நான் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஏனோ எல்லாரும் என்னைப் பார்த்தே சிரித்தார்கள்.

இன்னொரு கிறுக்கும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. பெட்டிக்குப் பேட்டரிச் செல் மாற்றுவது. கரண்டில் சொருகி வைத்துக்கொண்டுதான் பழைய செல்லைக் கழற்றுவார். கழற்றும்போது பொன்னுத்தாய் ஸ்விட்சைக் கையால் மறைத்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். அவர் சட்டைப்பையில் எப்போதும் புதுச் செல் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் மிட்டாய் வைத்திருப்பதுபோல. கரண்ட் போய்விட்டால் போதும், கார்கானாவில் பாதி தைத்த பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவார். முதலாளி சேட் கேட்டால், "வீட்ல ஒரு ஆளு சீரியஸா இருக்கு சேட்" என்பார்.

ஒரு மழைக்கு எங்கள் கல்லியில் முட்டளவு தண்ணீர் ஏறிவிட்டது. நான் வாசலில் அரிசி டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு கை பிடியுங்க!" என்று கத்துகிறேன். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் குடையுமாக, சாமி ஊர்வலம் போவதுபோல் என்னைத் தாண்டிப் போகிறார். "இத மேல வச்சிட்டு வந்திருதேங்க்கா" என்றார். வந்தார். அதற்குள் என் அரிசி குளித்து முடித்துவிட்டது. அந்தப் பெட்டிக்காரிக்குக் குடை, எனக்கு நனைந்த அரிசி. அதற்குமேல் கொஞ்ச நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெட்டி ஊரை விட்டுப் போனால்தான் எனக்குத் தூக்கம் என்று முடிவு செய்தேன். அவர்தான் வருஷா வருஷம் கணபதி விழா முடிந்ததும் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி அறிவிக்கிறாரே, தோள் வலிக்கிறது, விற்கப் போகிறேன் என்று. கட்டையில் பஞ்சாமிர்தம் ஒட்டிக்கொண்டது, விற்கப் போகிறேன். இப்போது எல்லாவனும் போனிலேயே பாட்டுப் போட்டுக்கொள்கிறான், விற்கப் போகிறேன். சரி, விற்கட்டும். ஆளை நான் கொண்டுவருகிறேன்.

முதலில் செம்பூர் ஆர்கெஸ்ட்ராக்காரன் ஒருவனை அனுப்பினேன். அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். "விரல் பூரா மோதிரம்க்கா. கட்டையக் கீறிருவான்."

டிராம்பேயிலிருந்து சர்ச்சில் வாசிக்கிற ஒருவர் வந்தார். "தங்கமான மனுசன். ஆனா அங்க எல்லாம் மெதுவான பாட்டு. கணபதி ஊர்வலத்துல ஓடிப் பழகின பெட்டி இது. உக்காந்தே இருந்தா மூட்டுப் பிடிச்சிக்கிடும்."

மூன்றாவது ஆள் உட்கார்ந்து வாசித்தான் பாருங்கள், கல்லியே நின்று கேட்டது. அன்றைக்கு அண்ணாச்சியின் முகத்தில் நான் பொறாமையைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத சரக்கா அது? "ரொம்ப நல்லா வாசிக்கான்க்கா. இவன்கிட்ட போனா பெட்டி என்னைய மறந்துரும்."

கடைசியில் ஆள் பார்த்துப் பிடித்தேன். எங்கள் கார்கானாவுக்குக் கணக்கு எழுத வருகிற மாட்டுங்கா மாமா. பஜனை மடத்துக்குப் பெட்டி தேடிக்கொண்டிருந்தார். விரலில் மோதிரம் கிடையாது. பஜனையில் வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. வாசிப்பும் சுமார்தான், நானே விசாரித்துவிட்டேன். எந்தக் காரணமும் சொல்ல முடியாதபடி நாலு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி முழித்தார். மாமா ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். "ஸ்ருதி நன்னா நிக்கறதே. ஏன் விக்கறேள்?"

"விக்கத்தான் வேணுமான்னு யோசிக்கேன் சாமி."

"யோசிக்கியளா? என்னத்த யோசிக்கிய? ஊரு பூரா விக்கேன் விக்கேன்னு தம்பட்டம் அடிச்சது யாரு?" என்று நான் பிடித்தேன்.

மாமா அதற்குள் சொருகியிருந்த வயரைப் பிடுங்கி, பெட்டியை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். "எல்லாம் சரி, பேட்டரி லீக் ஆயிருக்கான்னு மட்டும் பாத்துடறேன்" என்று செல் மூடியில் நகத்தை வைத்தார்.

அண்ணாச்சி பாய்ந்த பாய்ச்சலில் மாமாவின் கண்ணாடி எகிறி விழுந்தது. "எடுக்காதீங்க சாமி! செல்ல எடுத்தா அக்கா போயிருவாங்க!"

"எந்த அக்கா?"

அண்ணாச்சியின் விரல் என்னைக் காட்டியது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தம்மாவா? இவா செல்லுலயா ஓடறா?"

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுத்தாய்தான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள். "நீங்கதான்க்கா அதுக்குள்ள இருக்கீங்க. அன்னைக்கு மைக்கு டெஸ்ட்டுன்னு போட்டீங்களே. கரண்டும் செல்லும் ரெண்டும் போச்சுன்னா அது அழிஞ்சிருமாம். மறுபடி போடச் சொல்ல நீங்க இப்ப…" என்று நிறுத்தினாள்.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொல்லிட்டா? இதவிட நல்லாப் போட்டுக் காட்டுதேன்னு தொண்டையக் கிழிச்சிக்கிடுவீங்க. உங்க வீம்பு எங்களுக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி வயரைச் சொருகி, பெட்டியை நிமிர்த்தி, வலது கோடிப் பக்கம் ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டார். அந்தக் குலவை வந்தது. முடிவில் அந்த இருமலும் வந்தது. என் இருமல்.

தன் குரல் வெளியிலிருந்து வந்தால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்? என் குரல் எனக்கு உள்ளேயிருந்துதான் பழக்கம். மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"இப்பவும் சொல்லுதேன், மூச்சு பத்தல" என்றேன். "அந்த இருமலையாவது வெட்டிப் போட்டிருக்கலாம்லா?"

"அதுவும் நீங்கதானக்கா" என்றார் அண்ணாச்சி.

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "இத மட்டும் வித்துடாதேங்கோ" என்று காரணம் எதுவும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷமும் கணபதி முடிந்தது. தோள் வலிக்கிறது, பெட்டியை விற்கப் போகிறேன் என்று டெமோ அண்ணாச்சி சொல்லிக்கொண்டு திரிகிறார். கறிவேப்பிலை வாங்கப் போகும்போது நானும் நாலு செல் வாங்கி வந்துவிடுகிறேன். பெட்டிக்காரிமேல் எனக்குப் பொறாமை போகவில்லை. போகாது. கொடையில் முதல் குலவை அவளுடையதுதானே. ஆனால் மழை வலுத்துப் பெய்கிற நாளில் அந்த நனைந்த அரிசி ஞாபகம் வரும். அன்றைக்கு முட்டளவு தண்ணீரில் குடை பிடித்து அவர் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது என்னைத்தான்.