இட்லிக்கு யார் வைத்த செய்வினை?

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இனிமேல் இங்கே தங்கம் எடுத்தால் கட்டுப்படியாகாது என்று படித்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களுக்கு விவரம் போதாது. போன தை மாதம் ஒளிச்சித்தர் தங்கவேலு சுவாமி வந்து இறங்கினார். கடப்பாறை இல்லை, வெடி இல்லை, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் இல்லை. ஜனங்களின் எச்சிலிலிருந்தே தங்கம் எடுத்தார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பத்தடி ஃப்ளெக்ஸ். 'உங்கள் உடம்பில் உள்ள செய்வினையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்! ஜெர்மன் நீல ஒளிக் கருவி! கெட்ட புரோட்டீன் கண்டுபிடிக்கப்படும்! சாதி மத பேதமில்லை!' கடைசி வரி வெறும் பேச்சல்ல. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அவர் கண்டுபிடித்தது பில்லி. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குச் சாத்தானின் கறை. இரண்டுக்கும் போகாத பெங்களூர்ப் பையன்களுக்குக் கெட்ட புரோட்டீன். நோய் ஒன்று, கட்டணம் ஒன்று, பெயர் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பத்தரைக்கு விடும். சுவாமியின் தரிசனம் சரியாகப் பதினொன்றுக்கு. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்புகளான பாலகாட்டிலிருந்தும் நந்திதுர்க்கிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்து குவிந்தார்கள். மூடிக்கிடந்த ரேஷன் கடைதான் ஆசிரமம். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி தொங்கும். வாசலில் உள்ளூர்ப் பக்தை பாப்பம்மா டோக்கன் கொடுப்பாள். உள்ளே சுவாமி ஒரு செம்பிலிருந்து மூலிகைத் தீர்த்தம் ஊற்றுவார். வாயைக் கொப்பளித்து எவர்சில்வர் கிண்ணத்தில் துப்ப வேண்டும். விளக்கு அணையும். நீல ஒளி பாயும். கிண்ணத்துக்குள் பச்சையாக எரியும்.

"ஐயோ சாமி!" என்று கத்துவது டோக்கன் எடுத்தவரின் கடமை.

ஏழு வாரம் வர வேண்டும். வாரா வாரம் பச்சை குறையும். ஏழாம் வாரம் கிண்ணம் இருட்டாக இருக்கும். அத்தோடு சுத்தம். லேமினேஷன் போட்ட சான்றிதழ் உண்டு.

முதல் சான்றிதழ் வாங்கியவர் ராஜப்பா. சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இறங்கிய மனிதர், அதன்மேல் காசநோய் வேறு. சுவாமி சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தினார். ஏழாம் வாரம் அவர் கிண்ணம் இருண்டது. ஃப்ளெக்ஸில் அவர் படத்தைப் போட்டு 'பூரண குணம்' என்று எழுதினார்கள். ஒன்பதாம் வாரம் ராஜப்பா செத்தார். சுத்தமாகச் செத்தார் என்பதற்குச் சான்றிதழ் சுவரில் இருந்தது. சுவாமி துக்கம் விசாரிக்க வந்து, "வீட்டில் யாருக்கோ நம்பிக்கை போதவில்லை" என்றார். வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். சுவாமியை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் ஃப்ளெக்ஸில் ராஜப்பா முகத்தின்மேல் வேறொருவர் முகம் ஒட்டப்பட்டிருந்தது.

இது தன் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது கரோலினுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வாரத்தில் ஆறு நாள் விடிகாலை ரயிலில் பெங்களூர், இருட்டிய பிறகு வீடு. அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருஷமாக அவளுக்கு வேலை. ஒரு சனிக்கிழமை இரவு சர்க்கரை டப்பாவைத் தேடியபோது, பிரிக்காத மாத்திரை அட்டைகள் கொத்தாகக் கிடைத்தன. அப்பா ஏனோக்கின் காசநோய் மாத்திரை.

"இன்னாப்பா இது? அஞ்சு வாரத்து மாத்திரை அப்படியே கீது."

ஏனோக் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். "சாமி நிறுத்தச் சொல்லிச்சு."

"எது, அந்த ஃப்ளெக்ஸ் சாமியா?"

"அத்தெ போட்டா சிவப்பா போவுது கரோலு. ரத்தம். மாத்திரை உள்ள கீற கறையோட சண்டை போட்டு ஈரலை அறுக்குதாம்."

"அது ரத்தமில்லப்பா, மாத்திரையோட சாயம். ஆஸ்பத்திரியில சொல்லித்தானே குடுத்தாங்க?"

"சொன்னாங்க. சாமி காட்டிச்சு. மொத வாரம் என் எச்சில் பச்சையா எரிஞ்சுது, இப்போ பாதி கொறைஞ்சுபோச்சு. என் கண்ணால பார்த்தேன். ஆஸ்பத்திரியில இன்னா காட்டினாங்க? ஒரு சீட்டு."

"ராஜப்பா மாமாவும் கண்ணாலதான் பார்த்தாரு."

"அவன் வீட்ல நம்பிக்கை இல்ல."

"நம்ம வீட்லயும் இல்ல. எனக்கு இல்ல. அப்போ நீயும் போயிடுவியா?"

ஏனோக் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. போன மாதத்தைவிட நீளமாக வந்தது. இன்னும் இரண்டு வாரம் போனால் இவருக்கும் சான்றிதழ் வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்று கரோலினுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை எரித்தது. அவர் சளியில் கிருமி இருப்பதை ஆஸ்பத்திரியில் சாயம் ஏற்றி, ஒளி பாய்ச்சி, மைக்ராஸ்கோப்பில்தான் பார்த்திருப்பார்கள். கிருமி அங்கேயும் மின்னித்தான் இருக்கும். ஆனால் அது சாத்திய கதவுக்குள் மின்னியது. வெளியே வந்தது சீட்டு. உண்மை சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டது. பித்தலாட்டம் பக்கத்தில் உட்கார வைத்து வெளிச்சம் காட்டியது. பிறகு ஜனம் எங்கே போகும்?

மின்ன வைப்பதுதான் அவளுக்கும் பிழைப்பு. உடம்பில் ஆயிரக்கணக்கான புரோட்டீன். அதில் ஒன்றே ஒன்றைப் போய்ப் பிடிக்கிற ஆன்டிபாடி உண்டு. அதன் வாலில் சாயத்தைக் கட்டி அனுப்பினால், அது பிடித்த இடம் மட்டும் மின்னும். கேட்கச் சுலபம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் வைத்த ஸ்லைடில் மூலை முடுக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து மேலதிகாரி மமதாவைக் கூப்பிட்டாள். மமதா எட்டிப் பார்த்துவிட்டு, "கழுவினாயா?" என்றாள். கழுவவில்லை. எதையும் பிடிக்காமல் சும்மா கிடந்த சாயமெல்லாம் சேர்ந்து மின்னியிருந்தது. "சாயம் மின்னத்தான் செய்யும், அது அதோட வேலை. கழுவின பிறகும் மின்னினால்தான் செய்தி. பக்கத்திலேயே ஒண்ணுமில்லாத ஸ்லைடு ஒண்ணு வை. அதுவும் மின்னினால் எல்லாத்தையும் குப்பையில் போடு" என்றாள் மமதா. ஆறு வருஷத்தில் கரோலின் கற்ற படிப்பில் பாதி இவ்வளவுதான்.

மறுநாள் அப்பாவோடு அவளும் போனாள். பையில் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரும் வீட்டுக் கிண்ணங்கள் நாலும் இருந்தன.

"இன்னா கரோலு, நீயும் வந்துட்டியா?" பாப்பம்மாவுக்கு வாயெல்லாம் பல். உள்ளே பார்த்துக் கூவினாள். "சாமி! பெங்களூரு லேப்ல வேலை செய்யுற பொண்ணு வந்துக்கீது!"

தங்கவேலு சுவாமிக்கு முகம் மலர்ந்தது. லேப் பெண்ணே வந்து வரிசையில் நிற்பதைவிட நல்ல ஃப்ளெக்ஸ் எது? இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பாப்பம்மா தினமும் படைக்கிற நைவேத்தியம் அது. நாலில் இரண்டு மீதி இருந்தது.

"பாருங்க ஜனங்களே! விஞ்ஞானம் இன்னைக்கு மெய்ஞ்ஞானத்தைத் தேடிக்கினு வந்திருக்கு. இவங்க லேப்ல புரோட்டீன் டிடெக்ஷன்னு பண்றாங்க. அத்தெயே நம்ம சித்தருங்க அப்பவே பண்ணினாங்க. வா தாயி, மொதல்ல உனக்கே பார்க்கலாம்."

தீர்த்தம் ஊற்றினார். கரோலின் கொப்பளித்துத் துப்பினாள். விளக்கு அணைந்தது. இருட்டில் சர்ச்சிலிருந்து வந்தவர்களின் வெள்ளைச் சட்டைகள் மட்டும் நீலமாகப் பளபளத்தன. அது ஆத்ம பரிசுத்தம் என்பது சுவாமியின் விளக்கம். சோப்புத் தூளின் பரிசுத்தம் என்பது கரோலினுக்குத் தெரியும். ஒளி கிண்ணத்தில் விழுந்தது. பச்சை.

"ஐயோ சாமி!" என்றது கூட்டம்.

"பார்த்தியா தாயி? உனக்கும் கீது. ஏழு வாரம் ஆவும்."

"ஏழு வாரம் லீவு கெடைக்காது சாமி. இப்பவே கழுவிப் பார்க்கறேன்."

பாட்டிலைத் திறந்து மூன்று முறை கொப்பளித்தாள். வீட்டுக் கிண்ணத்தில் துப்பினாள். "லைட்ட அடிங்க சாமி."

சுவாமி தயங்கினார். கூட்டம் தயங்கவில்லை. "அடி சாமி, அடி!" என்றது. ஒளி விழுந்தது. கிண்ணம் இருட்டு.

"ஏழு வாரம் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு" என்றாள் கரோலின். "எனக்கு சர்டிபிகேட் குடுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த இடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அப்பா, இங்க வா. தீர்த்தம் வேணாம். குழாத் தண்ணியில கொப்பளிச்சுட்டு நல்லா இருமித் துப்பு."

ஏனோக் சுவாமியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இருமலுக்கு இருவர் அனுமதியும் தேவைப்படவில்லை. சளியே வந்து விழுந்தது. ஒளி விழுந்தது. இருட்டு.

"எங்கப்பாவுக்கு காசநோய். ஆஸ்பத்திரி சீட்டு கீது. நெஞ்சு பூரா கிருமி. அது உங்க ஜெர்மன் லைட்டுக்குத் தெரியல. ஒண்ணும் இல்லாத என் வாயில மட்டும் எரிஞ்சுது. எப்படி சாமி?"

"தாயி, நம்பிக்கை இல்லாத எடத்துல கருவி வேலை செய்யாது."

"கருவிக்கு நம்பிக்கை வேணாம், பேட்டரி போதும்." அவள் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்தாள். "இத்தெ அடிங்க." நீலம் படிந்த வெறும் இட்லி தெரிந்தது. பச்சை இல்லை. செம்பைச் சாய்த்து அதன்மேல் தீர்த்தத்தை ஊற்றினாள். "இப்போ அடிங்க."

சுவாமியின் கையிலிருந்த நீல டார்ச் அணைந்தது. அறையில் கும்மிருட்டு.

"சாமி, அடி சாமி!"

"பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றது சுவாமியின் குரல், கதவுக்குக் கொஞ்சம் பக்கத்திலிருந்து.

அங்கே சின்னசாமி உட்கார்ந்திருந்தார். ராஜப்பாவோடு ஒரே கேஜில் இருபத்தேழு வருஷம் இறங்கினவர். "இருட்டெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான் சாமி. பூமிக்கு அடியில நூறாவது லெவல்லயே பார்த்துட்டு வந்தவங்க." சுவாமியின் மணிக்கட்டை அவர் கை சுலபமாகக் கண்டுபிடித்தது. டார்ச் கை மாறியது. பொத்தானை அழுத்தினார்.

இட்லி பச்சையாக எரிந்தது. கல்யாண மண்டப சீரியல் பல்ப் தோற்றுப்போகிற பச்சை. சின்னசாமி டார்ச்சைச் செம்புக்குள் திருப்பினார். செம்பு அதைவிட மோசமாக எரிந்தது.

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இட்லிக்கு யாருங்க செய்வினை வெச்சது?" என்றாள் கரோலின். "மாமியாரா? பங்காளியா?"

"அது… தீர்த்தத்துல கீற தெய்வ ஒளி!"

"அப்போ இத்தனை நாள் இவங்க வாயில எரிஞ்சது பேயில்ல, தெய்வம். அத்தெ வெரட்டத்தான் ஏழு வாரம் வாங்கினீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சாமி."

யாரோ ஜன்னல் கம்பளியை இழுத்துவிட்டார்கள். பகல் வெளிச்சம் தடதடவென்று உள்ளே வந்தது. ஒளிச்சித்தர் அதற்குத்தான் கண்ணைப் பொத்திக்கொண்டார். அவர் ஆசனத்தின் அடியில் மஞ்சள் மாத்திரை அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பாப்பம்மா ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"இது எனக்கு வாய்ப்புண்ணுக்குக் குடுத்த வைட்டமின் மாத்திரையாச்சே! இத்தெ போட்டாலே மஞ்சளா போவும்!"

"ஆமாக்கா. பொடி பண்ணித் தண்ணியில கரைச்சு, இந்த டார்ச்ச அடிச்சா பச்சையா எரியும். வாரா வாரம் பொடியைக் கொறைச்சா பச்சை கொறையும். ஏழாவது வாரம் வெறும் தண்ணி."

பாப்பம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் கையால் டோக்கன் வாங்கினவர்கள் எத்தனை பேர் என்று அவள் மனம் எண்ண ஆரம்பித்திருக்க வேண்டும். பிறகு எழுந்து, பச்சை இட்லியோடு அந்தத் தட்டைச் சுவாமியின் மடியில் கவிழ்த்தாள். "துன்னு. உன் தெய்வ ஒளிய நீயே துன்னு."

சுவாமி மெதுவாகக் கதவைப் பார்த்தார். சின்னசாமி நகரவில்லை.

"அப்போ ராஜப்பா?" என்று கேட்டார்.

கெட்ட புரோட்டீன், பில்லி, கறை என்று எதற்கும் ஒரு சொல் வைத்திருந்த மனிதரிடம் அந்தக் கேள்விக்கு ஒரு சொல்கூட இல்லை. யாரோ கூப்பிட்டு போலீஸ் ஜீப் வரும்வரை சின்னசாமி மணிக்கட்டை விடவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை கரோலின் லீவு போட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் திட்டினார். அஞ்சு வாரம் வீண், மறுபடி சளிப் பரிசோதனை, மறுபடி முதல் மாதத்திலிருந்து மாத்திரை என்றார். ஏனோக் தலை குனிந்தபடி கேட்டார். "சிவப்பா போனா?"

"போனா மாத்திரை வேலைக்குப் போயிருக்குன்னு அர்த்தம். போகலன்னா சொல்லு, டப்பாவெல்லாம் தேடுறேன்" என்றாள் மகள்.

கதை இங்கே முடிந்தால் ஜனங்களுக்குப் புத்தி வந்தது என்று எழுதிவிடலாம். வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை கரோலின் கதவைத் திறந்தபோது வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கையில் ஆளுக்கொரு கிண்ணம். முன்னால் பாப்பம்மா.

"கரோலு, அவன் திருடன். நீ நம்ம பொண்ணு. நீயே பார்த்துச் சொல்லும்மா. எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

கரோலின் வரிசையை ஒருமுறை பார்த்தாள். இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில பார்ப்பாங்கக்கா. ஓசியில பார்ப்பாங்க. திங்கட்கிழமை நானே போய்ப் பார்த்தேன், அந்த சளி டெஸ்ட் ஜன்னலாண்ட ஒரு ஆள் இல்ல."

"ஓசியா? அதுவும் ஆளே இல்லியா?" பாப்பம்மாவின் முகம் சுருங்கியது. "அப்போ அது நல்ல டெஸ்ட்டா இருக்காதே!"

"அதான்கா உங்க நோயி" என்றாள் கரோலின். "கூட்டம் நின்னா போதும், எதுக்கு நிக்கறாங்கன்னு கேக்காம போய் நின்னுக்கறீங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள் கூட்டமில்லாத அந்த ஜன்னலாண்ட நின்னு யோசிச்சுப் பாருங்க. பயமா இருந்தா ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கோங்க."